இரண்டு முத்திரை, ஒரே கையெழுத்து: கீழ்மலை ஊராட்சி ஒன்றின் பொறுப்புத் தலைவர் காலம்

ஆய்வின் நோக்கம்

உள்ளாட்சியில் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு பொறுப்புகளை வகிக்கலாமா என்ற கேள்வி பெரும்பாலும் தேர்தல் நேரத்தில், எதிர்த்து நிற்பவரின் வேட்புமனுவைத் தள்ளவைக்கும் நோக்கத்தோடு எழுப்பப்படுகிறது. தேர்தல் எதுவும் இல்லாத நாளில், யாரும் ஆசைப்படாமலே, ஒரு மரணத்தின் காரணமாக இரண்டு பொறுப்புகள் ஒருவர் கையில் வந்து சேர்வதும் உண்டு. பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில், கொடைக்கானல் ஒன்றியத்துக்கு உட்பட்ட ஒரு கிராம ஊராட்சியில் 2021ஆம் ஆண்டு அப்படி நேர்ந்தது. ஊரக வளர்ச்சித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று அப்பகுதியிலேயே வசிப்பவன் என்ற முறையில், அந்த ஊராட்சியின் உறுப்பினர்கள் சிலர் சட்டப் பிரிவுகளைப் படித்துச் சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஊரின் பெயரும் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன. இதே நிலை மற்ற ஊராட்சிகளுக்கும் எந்நேரமும் வரலாம் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே பதிவு செய்கிறேன்.

பின்னணி

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் என்று கீழ்மலையில் எந்தப் பக்கம் போனாலும் பிழைப்பு ஒன்றுதான்: காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை, சவ்சவ். இந்த ஊராட்சியும் அப்படிப்பட்டதே. ஒன்பது வார்டுகள் கொண்ட இதன் குக்கிராமங்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் கிடக்கின்றன. ஊராட்சி அலுவலகம் இருக்கும் நடு ஊருக்குப் பேருந்து உண்டு. கடைசி வார்டுக்கு ஜீப்பில் பாதி வழியும், மழைக்காலத்தில் குதிரைப் பாதையில் மீதி வழியும் போக வேண்டும். ஒன்றிய அலுவலகத்துக்குப் போவதென்றால் பண்ணைக்காடு, ஊத்து, பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானல் சென்று திரும்ப ஒரு முழு நாள் ஆகும். இந்தத் தூரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் பின்னால் எடுக்கப்பட்ட முடிவுகளைப் புரிந்துகொள்ள முடியாது.

2019 டிசம்பர் 27, 30 ஆகிய தேதிகளில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், பொதுப் பிரிவில் இருந்த தலைவர் பதவிக்கு வயதில் மூத்த காப்பி விவசாயி ஒருவர் தேர்வானார். 2020 ஜனவரி 6 அன்று தலைவரும் உறுப்பினர்களும் பதவியேற்றார்கள். ஜனவரி 11 அன்று நடந்த மறைமுகத் தேர்தலில், மகளிர் சுய உதவிக் குழுவில் பல ஆண்டுகள் கணக்கு எழுதிப் பழகிய ஒரு பெண் உறுப்பினர் துணைத் தலைவரானார். ஒன்பது உறுப்பினர்களில் அவருடைய கணவரின் தம்பியும் ஒருவர். கணவரோ ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியை இயக்கும் ஆபரேட்டர். மாதச் சம்பளத்தை ஊராட்சியிடமிருந்து பெறுபவர். மலைக் கிராமங்களில் உறவுமுறை இப்படிப் பின்னிக் கிடப்பது வழக்கந்தான். அதை ஒரு குற்றமாக இங்கே சொல்லவில்லை.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 துணைத் தலைவருக்கு இரண்டு முக்கியமான வேலைகளைக் கொடுத்திருக்கிறது. தலைவர் பதவி காலியானால் புதியவர் பொறுப்பேற்கும் வரை அப்பணிகளைச் செய்வது ஒன்று. மற்றொன்று அன்றாடம் நடப்பது: ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் தலைவரோடு சேர்ந்து கையெழுத்திடுவது. சட்டத்தின் 188ஆம் பிரிவு இந்தக் கூட்டுக் கையெழுத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தலைவர் தனியாகவும் பணம் எடுக்க முடியாது, துணைத் தலைவர் தனியாகவும் எடுக்க முடியாது. ஆக, முதல் வேலை துணைத் தலைவரைத் தலைவரின் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இரண்டாவது வேலை அவரைத் தலைவருக்குக் காவலாக நிறுத்துகிறது. இரண்டும் ஒரே நாளில் ஒருவர் தலையில் விழுந்தால் காவல் யார் பார்ப்பது என்பதே இந்த ஆய்வின் மையம்.

தலைவரின் மறைவும் முதல் வாரங்களும்

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, தலைவர் மருத்துவமனையில் காலமானார். முழு ஊரடங்கு நடப்பில் இருந்ததால் பேருந்து ஓடவில்லை. வங்கி குறைந்த நேரமே திறந்திருந்தது. துணைத் தலைவர் மறுநாளே அலுவலகம் வந்து, பொறுப்புத் தலைவராக வேலையை ஏற்றுக்கொண்டார். பிளீச்சிங் பவுடர் வாங்கித் தெருக்களில் தெளிக்கவைத்தது, காய்ச்சல் உள்ள வீடுகளைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தது, வேலையில்லாமல் முடங்கிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரிசி கிடைக்க ஏற்பாடு செய்தது என்று அந்த வாரங்களில் அவர் செய்த பணியை ஊரில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். அவருடைய உழைப்பும் நேர்மையும் பற்றி அன்றும் இன்றும் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இனி வரும் செய்தியை ஒரு தனிமனிதரின் குறையாக யாரும் படித்துவிடக் கூடாது.

திரும்பி வந்த காசோலை

மே மாதக் கடைசியில் தூய்மைப் பணியாளர்கள், தொட்டி ஆபரேட்டர்கள் ஆகியோரின் சம்பளத்துக்கான காசோலை வங்கிக்குப் போய்த் திரும்பி வந்தது. அந்தக் காசோலையை நான் பார்த்தேன். இடது பக்கம் தலைவர் முத்திரை, வலது பக்கம் துணைத் தலைவர் முத்திரை. இரண்டு முத்திரைக்கும் மேலே ஒரே நீல மையில், ஒரே சாய்வில், ஒரே பெயரின் கையெழுத்து இரண்டு முறை. இடது பக்கத்தில் மட்டும் முத்திரைக்கு அருகே "பொறுப்பு" என்று பேனாவால் சிறியதாக எழுதப்பட்டிருந்தது.

இதில் கள்ளம் ஏதும் இல்லை. ஊராட்சிச் செயலர் வழக்கம்போல இரண்டு முத்திரைகளையும் வைத்துக் காசோலையை நீட்டியிருக்கிறார். துணைத் தலைவர் இரண்டு இடத்திலும் போட்டுக் கொடுத்திருக்கிறார். செயலரிடம் கேட்டபோது, "ரெண்டு பொறுப்பும் அக்காகிட்டத்தானே இருக்கு, வேற யாருகிட்டக் கையெழுத்து வாங்குறது?" என்று சொன்னார். அந்த நேரத்தில் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். தலைவரின் வேலையைச் செய்கிறவர் தலைவர் இடத்திலும், துணைத் தலைவராக இருக்கிறவர் துணைத் தலைவர் இடத்திலும் கையெழுத்திடுவது எழுத்துப்படி பார்த்தால் சரியாகவே தோன்றும். ஆனால் கூட்டுக் கையெழுத்து என்ற ஏற்பாடே இரண்டு பேர் பார்த்த பிறகுதான் பொதுப்பணம் வெளியே போக வேண்டும் என்பதற்காக வந்தது. ஒருவரே இரண்டு முறை பார்ப்பது அந்த நோக்கத்தை நிறைவேற்றாது. வங்கி மேலாளர் சட்டம் எதுவும் பேசவில்லை. இரண்டு பேர் கையெழுத்தும் மாதிரிக் கையெழுத்துப் பதிவும் இல்லாமல் பணம் தர முடியாது என்று மட்டும் சொல்லித் திருப்பிவிட்டார். அவர் செய்தது ஊராட்சிக்கு நல்லதாகவே முடிந்தது.

சம்பளம் நின்றுபோன எட்டுப் பேரும் அன்றாடம் வாங்கித் தின்பவர்கள். எனவே முடிவைத் தள்ளிப்போட வழியில்லை.

முதல் முடிவு: புதிய துணைத் தலைவரா, அதிகாரம் பெற்ற உறுப்பினரா

சமுதாயக் கூடத்தில் இடைவெளி விட்டு நாற்காலி போட்டு அவசரக் கூட்டம் நடத்தப்பட்டது. சில உறுப்பினர்கள், அவர்தான் தலைவராகிவிட்டாரே, துணைத் தலைவர் பதவிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிடலாம் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகப் பட்டாலும் இது முடியாத காரியம். அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை, தலைவராகப் பதவியேற்கவும் இல்லை. துணைத் தலைவர் என்ற முறையிலேயே, அந்தப் பதவியில் இருப்பதாலேயே, தலைவரின் பணிகளைச் செய்கிறார். அந்தப் பதவி காலியாக இல்லாதபோது அதற்கு வேறொருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதை விட்டு அவர் விலகினாலோ தலைவரின் பணிகளைச் செய்யும் தகுதியும் அதோடு போய்விடும். சட்டத்தின் பார்வையில் அவருக்குப் பதவி ஒன்றுதான், பணிகள்தான் இரண்டு. இந்த வேறுபாட்டை விளக்கிச் சொன்ன பிறகு கூட்டத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மீதிக் குழப்பத்துக்கும் சட்டத்திலேயே விடை இருந்தது. தலைவரோ துணைத் தலைவரோ இல்லாத நிலையில், இருப்பவரோடு சேர்ந்து கையெழுத்திட உறுப்பினர்களில் ஒருவருக்கு ஊராட்சி மன்றம் கூட்டத்தில் தீர்மானம் போட்டு அதிகாரம் கொடுக்கலாம். தீர்மானத்தின் நகலோடு ஒன்றிய அலுவலகத்தின் கடிதத்தையும் வைத்து வங்கியில் மாதிரிக் கையெழுத்தை மாற்றினால் போதும்.

இரண்டாவது முடிவு: அந்த உறுப்பினர் யார்

உண்மையான சிக்கல் இங்கேதான் வந்தது. பொறுப்புத் தலைவரின் கொழுந்தனார் பெயரை ஒருவர் முன்மொழிந்தார். அதற்குச் சொல்லப்பட்ட காரணமும் வலுவானதே: அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு, படித்தவர், ஊரடங்கில் எந்த நேரமும் கிடைப்பார். சட்டத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை. அவரும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்தான். இரண்டு பேர், இரண்டு கையெழுத்து, வங்கியும் ஏற்றுக்கொள்ளும்.

ஆனால் ஊராட்சியின் மாதச் செலவில் தொட்டி ஆபரேட்டர் சம்பளமும் ஒன்று. அண்ணனுக்குச் சம்பளம் கொடுக்கும் காசோலையில் மனைவியும் தம்பியும் கையெழுத்திடுவார்கள். மோட்டார் பழுது, பைப் லைன் வேலை என்று அந்த ஆபரேட்டர் கொண்டுவரும் பில்களையும் அவர்களே சரிபார்ப்பார்கள். ஒருவரே இரண்டு இடத்தில் கையெழுத்திட்டதை வங்கி கண்டுபிடித்துவிட்டது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு கையெழுத்து வந்தால் அதை எந்த வங்கியாலும் கண்டுபிடிக்க முடியாது. கூட்டத்தில் என் கருத்தைக் கேட்டபோது, இதை எவரையும் சந்தேகித்துச் சொல்லவில்லை என்று தொடங்கி, இரண்டாவது கையெழுத்துக்குரியவர் தேவைப்பட்டால் "முடியாது" என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும், அதுவே அந்தப் பொறுப்பின் முழு வேலை என்று சொன்னேன்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பொறுப்புத் தலைவரே எழுந்து, கடைசி வார்டு உறுப்பினரின் பெயரைச் சொன்னார். 2020இல் துணைத் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் அந்த உறுப்பினர். வயதானவர், எழுத்துக் கூட்டிப் படிப்பவர், எதையும் இரண்டு முறை கேட்காமல் ஒப்புக்கொள்ளாதவர். "அண்ணே, நீங்க கேள்வி கேட்டா எனக்குக் கோபம் வராது. கேக்காம போட்டீங்கன்னாத்தான் எனக்குப் பயம்" என்று பொறுப்புத் தலைவர் சொன்னதை அங்கிருந்த எல்லோரும் கேட்டோம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தொட்டி ஆபரேட்டரின் சம்பளப் பட்டியலையும் அவர் வழியாக வரும் பில்களையும் மற்றொரு உறுப்பினர் முதலில் பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்ற வரியையும் பொறுப்புத் தலைவரே கேட்டுச் சேர்த்துக்கொண்டார். சட்டம் இதைக் கேட்கவில்லை, அவர் கேட்டார்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நடந்தவை

முதல் காசோலை ஜூன் மாதம் மாற்றிக் கொடுக்கப்பட்டது. நின்றிருந்த சம்பளம் அன்றே கைக்குப் போனது. அதன் பின் வந்த மாதங்களில் இந்த ஏற்பாட்டின் நன்மையும் விலையும் இரண்டுமே தெரிந்தன.

நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு. தெருவிளக்கு பல்புகள் வாங்கிய பில் ஒன்றுக்குக் கடைசி வார்டு உறுப்பினர் கையெழுத்திட மறுத்தார். "எங்க ஊருக்கு ஒரு பல்பும் வரலையே, பில்லுல மட்டும் எப்படி வந்துச்சு?" என்பது அவருடைய கேள்வி. இருப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது, வாங்கிய பல்புகளில் ஒரு பகுதி பதிவேட்டில் ஏறாமலே அலுவலக அறையின் பரண்மேல் பெட்டியோடு இருந்தது தெரிய வந்தது. ஊரடங்கால் கடைசி வார்டுக்கு ஆள் போகவில்லை. செயலர் இன்னொரு ஊராட்சியையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் பதிவேடும் பின்தங்கிவிட்டது. பெட்டி ஜீப்பில் ஏற்றப்பட்டு, பல்புகள் மாட்டப்பட்டு, பதிவேட்டில் எழுதப்பட்ட பிறகே அந்த பில்லுக்குப் பணம் போனது. கையெழுத்து மறுக்கப்படாவிட்டால் அந்தக் குக்கிராமம் அடுத்த மழைக்காலத்தையும் இருட்டிலேயே கழித்திருக்கும். காட்டுமாடு இறங்கும் வழியில் அது சின்ன விஷயம் இல்லை.

விலையும் உண்டு. அவர் ஒவ்வொரு கையெழுத்துக்கும் மலையிறங்கி வர வேண்டியிருந்தது. ஜீப்புக்கு ஆள் சேராவிட்டால் நடந்தே வந்தார். ஜூலை மாதம் தொடர்மழையில் ஒரு வாரம் வர முடியாமல் போனபோது, மின்கட்டணக் காசோலை தாமதமாகி, இணைப்பைத் துண்டிக்கப்போவதாக எச்சரிக்கை வந்தது. அதன் பிறகு வாரத்தில் வெள்ளிக்கிழமையைக் கையெழுத்து நாளாக வைத்துக்கொண்டார்கள். அன்று பில், இருப்புப் பதிவேடு, காசோலை மூன்றும் ஒரே மேசையில் இருக்கும். கேட்க வேண்டியதை அங்கேயே கேட்டு முடிப்பார்கள். அவருடைய ஜீப் செலவை ஊராட்சிக் கணக்கில் எழுத வழியில்லாததால் உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். இது முறையான தீர்வு ஆகாது. ஆனால் அன்றைக்கு அதுதான் முடிந்தது.

இடைத்தேர்தலும் பதவி விலகலும்

காலியான உள்ளாட்சிப் பதவிகளுக்கு 2021 அக்டோபர் 9 அன்று தற்செயல் தேர்தல் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. வேட்புமனு செப்டம்பர் 15 முதல் 22 வரை. பொறுப்புத் தலைவர் தலைவர் பதவிக்கு நிற்க விரும்பினார். ஊரிலும் பலர் அதை விரும்பினார்கள். வார்டு உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் இருந்துகொண்டே நிற்கலாமா, அல்லது விலகிவிட்டு நிற்க வேண்டுமா என்ற கேள்வி வந்தது.

ஊரில் சொல்லப்பட்ட வாதம் இது: "எம்.எல்.ஏ.வா இருந்துக்கிட்டே எம்.பி.க்கு நிக்கிறாங்க, ஜெயிச்ச பிறகுதானே ஒன்னை விடுறாங்க, நமக்கு மட்டும் என்ன?" இது தவறான செய்தி இல்லை. ஒருவர் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஒரே நேரத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 101ஆவது உறுப்பு சொல்கிறது. அதற்காக 1950இல் வகுக்கப்பட்ட விதிகள் 14 நாள் அவகாசம் கொடுத்து, அதற்குள் சட்டமன்றப் பதவியை விடாவிட்டால் நாடாளுமன்ற இடம் காலியாகிவிடும் என்கின்றன. அங்கே தடை இருப்பது இரண்டையும் வைத்துக்கொள்வதற்கு, போட்டியிடுவதற்கு இல்லை. ஆனால் அந்த விதிகள் கிராம ஊராட்சிக்குப் பொருந்தாது. ஊராட்சி உறுப்பினரின் தகுதியின்மையை, அரசமைப்புச் சட்டத்தின் 243எஃப் உறுப்பின்படி, மாநிலச் சட்டமன்றத் தேர்தலுக்கான சட்டங்களோடு மாநிலம் ஊராட்சிகளுக்கென்றே இயற்றும் சட்டமும் தீர்மானிக்கிறது. பதவிக்காலம் முடியாத நிலையில் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்ற கருத்து நம் உள்ளாட்சிச் சட்டங்களில் நீண்ட காலமாக இருந்து வருகிறது. ஒன்றிய அலுவலகத்தில் அவருக்குக் காட்டப்பட்டதும் அதுதான். தலைவர் பதவிக்கும் அதைப் பொருத்திப் பார்ப்பதே பாதுகாப்பு என்று அங்கே ஆலோசனை சொன்னார்கள்.

இங்கே எடுத்த முடிவின் காரணத்தை விரிவாகச் சொல்வது அவசியம். விலகாமல் மனுச் செய்து, பரிசீலனையில் மனு தள்ளுபடியானால், தேர்தல் முடியும் வரை நீதிமன்றத்துக்குப் போய்ப் பரிகாரம் தேட வழியில்லை. 243ஓ உறுப்பு ஊராட்சித் தேர்தல் தகராறுகளைத் தேர்தல் மனு மூலமாகவே கொண்டுபோகச் சொல்கிறது. மனு ஏற்கப்பட்டு, அவர் வென்று, தோற்றவர் தேர்தல் மனு போட்டாலோ, ஊராட்சி மறுபடியும் யார் தலைவர் என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். விலகினால் இந்த இரண்டு ஆபத்தும் இல்லை. ஆனால் தோற்றால் வார்டும் போய்விடும். அதைவிட உடனடியாக, தலைவர் பதவியோடு துணைத் தலைவர் பதவியும் காலியாகிவிடும். இவை எல்லாவற்றையும் எடுத்துச் சொன்ன பிறகு, சந்தேகத்துக்கு இடமான மனுவோடு ஊர்முன் நிற்க விருப்பமில்லை என்று அவர் இரண்டு பதவிகளிலிருந்தும் எழுத்துமூலம் விலகினார். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். அதன் விலையை அவரும் ஊரும் கொடுத்தார்கள் என்பதும் உண்மை.

இரண்டு பதவிகளும் காலியாக இருந்த வாரங்கள்

விலகல் ஏற்கப்பட்டதும் ஊராட்சியில் காசோலையில் முதல் கையெழுத்திட ஆளே இல்லாமல் போனது. கடைசி வார்டு உறுப்பினருக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம் தலைவரோடோ துணைத் தலைவரோடோ சேர்ந்து கையெழுத்திடும் அதிகாரமே. இருவரும் இல்லாதபோது அது நடைமுறையில் பயனற்றது. மாவட்ட ஆட்சியருக்குச் சட்டத்தின் 203ஆம் பிரிவு அளிக்கும் அவசர கால அதிகாரத்தின் கீழ், நிதிப் பணிகள் தற்காலிகமாக வட்டார வளர்ச்சி அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டன. அந்த ஆணை வந்து சேரும் முன்பே நடு ஊரின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. கீழே வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோய் மோட்டாரின் கம்பிச் சுருளை (காயில்) கட்டிவர முன்பணம் கேட்டார்கள். அவசரச் செலவுக்குப் பணம் எடுக்க வழியில்லை. ஊர்க்காரர்கள் வரி வைத்துப் பணம் கொடுத்தார்கள். அதுவரை பெண்கள் ஓடையிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். பதவிகளின் பிரச்சினை ஏட்டளவில் நிற்பதில்லை என்பதை அந்த நாட்களில் ஊரே பார்த்தது.

முடிவு

அக்டோபர் 12 அன்று வாக்குகள் எண்ணப்பட்டபோது அவர் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அக்டோபர் 20 அன்று புதிய தலைவர் பதவியேற்றார். பிறகு நடந்த மறைமுகத் தேர்தலில் வேறொரு உறுப்பினர் துணைத் தலைவரானார். கடைசி வார்டு உறுப்பினரின் கையெழுத்து அதிகாரம் அத்துடன் முடிந்தது. முன்னாள் பொறுப்புத் தலைவரின் வார்டு, 2022 ஜூலை 9 அன்று நடந்த அடுத்த தற்செயல் தேர்தல் வரை உறுப்பினர் இல்லாமலே இருந்தது. அதில் அவர் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை கையெழுத்து நாளைப் புதிய தலைவர் கைவிடவில்லை. பில்லோடு இருப்புப் பதிவேடும் மேசைக்கு வர வேண்டும் என்ற வழக்கமும் நின்றது. அதே ஆண்டின் தணிக்கையில் பொறுப்புத் தலைவர் காலத்துச் செலவுகள் மீது தடை எதுவும் எழுப்பப்படவில்லை. தணிக்கை முடிந்த பிறகு, திருப்பப்பட்ட அந்தக் காசோலையைச் செயலர் கோப்பிலேயே வைத்திருப்பதைக் கண்டேன். புதிதாகச் செயலர் வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைக் காட்டுவதாகச் சொன்னார்.

மாற்ற வேண்டியவை

ஊராட்சிகள் உறுப்பினருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்தை நெருக்கடி வந்த பிறகு எழுதுகின்றன. பதவியேற்ற முதல் கூட்டத்திலேயே, தலைவரோ துணைத் தலைவரோ இல்லாமல் போனால் யார் இரண்டாவது கையெழுத்திடுவது என்று ஒரு பெயரைத் தீர்மானித்து, வங்கியில் மாதிரிக் கையெழுத்தையும் அப்போதே கொடுத்துவைக்கலாம். அந்தப் பெயர் தலைவர், துணைத் தலைவர் ஆகிய இருவருக்கும் நெருங்கிய உறவாக இல்லாமல் பார்த்துக்கொள்வது மன்றத்தின் கையில் இருக்கிறது. சட்டம் அனுமதிக்கிறது என்பது ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம் ஆகாது. ஊராட்சிப் பணத்திலிருந்து சம்பளமோ பில் தொகையோ பெறுபவரின் வீட்டார் மன்றத்தில் இருக்கும்போது, அந்தச் செலவை மற்றொரு உறுப்பினர் முதலில் பார்க்கும் ஏற்பாட்டையும் அதே கூட்டத்தில் செய்துவிடலாம். பிறகு செய்தால் அது யாரையோ சுட்டுவதாகப் படும். முதலிலேயே செய்தால் யாரையும் சுட்டாது.

பொறுப்புத் தலைவர் போட்டியிடுவதற்காக விலகும்போது, விலகல் நடைமுறைக்கு வரும் நாளும் ஆட்சியரின் ஆணை வரும் நாளும் ஒன்றாக அமையும்படி ஒன்றிய அலுவலகம் திட்டமிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விழுந்த சில நாட்களில்தான் மோட்டார் எரிந்தது. வேட்புமனுத் தேதிகள் முன்கூட்டியே தெரிவதால் இது செய்யக்கூடியதே. தொலைவான வார்டுகளிலிருந்து கையெழுத்துக்கு வரும் உறுப்பினரின் பயணச் செலவை முறையாக ஊராட்சிக் கணக்கில் எழுத வழி வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரையே எப்போதும் தேர்ந்தெடுப்பார்கள்.

2025 ஜனவரி 5 அன்று அந்த மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. 2016 அக்டோபருக்குப் பின் நடந்ததைப் போலவே, ஒன்றியத்தின் எல்லாக் கிராம ஊராட்சிகளுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலரானார். தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர் ஆகிய எல்லோருடைய இடமும் ஒரே நாளில் காலியாகி, ஒவ்வொரு ஊராட்சியிலும் மன்றத்தின் பணிகள் ஓர் அலுவலரிடம் சேர்ந்தன. "எங்க ஊருக்கு வரலையே" என்று பில்லைப் பார்த்துக் கேட்கக்கூடிய உறுப்பினர் அந்த ஏற்பாட்டில் இல்லை. அப்படிப்பட்ட காலங்களில் கிராம சபையில் மாத வாரியான செலவுப் பட்டியலையும் இருப்புப் பதிவேட்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று ஊர் மக்கள் எழுத்துமூலம் கேட்டு, அதைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றுவது செய்யக்கூடிய காரியம். இந்த ஊராட்சியில் அந்த மனுவை எழுதிக் கொடுத்தவர் முன்னாள் பொறுப்புத் தலைவர். முதல் கையெழுத்துப் போட்டவர் கடைசி வார்டின் முன்னாள் உறுப்பினர்.